குறிப்பறிதல் களவாகுமா?

விளையாட்டு என்பது இருவர் உடன்பட்டு மேற்கொள்ளும் பகை. ஆட்டம் தொடங்குமுன் கைகுலுக்குகின்றனர். முடிந்தபின் மீண்டும் கைகுலுக்கிப் பிரிகின்றனர். இடைப்பட்ட நேரத்தில் ஒருவரை ஒருவர் வீழ்த்த முனைகின்றனர். அந்த நேரத்தில் எதனைச் செய்யலாம், எதனைச் செய்யலாகாது என்பதை விதிகள் வரையறுக்கின்றன. ஆயினும் விதிகள் எல்லாவற்றையும் சொல்லி முடிப்பதில்லை. அவை சொல்லாமல் விட்ட இடங்களிலேதான் அறம் பற்றிய வினாக்கள் பெரும்பாலும் எழுகின்றன.

அத்தகைய வினா ஒன்றனை இங்கே ஆராய விரும்புகிறேன். எதிரணியினர் தமக்குள் காட்டிக்கொள்ளும் சைகைகளைக் கூர்ந்து நோக்கி, அவற்றின் பொருளை உய்த்துணர்ந்து, அதற்கேற்ப ஆடுவது அறிவுடைமையா, அன்றி ஏமாற்றா? அமெரிக்கக் கால்பந்து உலகில் இவ்வினா நெடுங்காலமாகப் பேசப்பட்டு வருகிறது. பிற நாடுகளின் கால்பந்திலும் அண்மை ஆண்டுகளில் இதன் சாயலான வழக்குகள் எழுந்துள்ளன.

எங்கோ நடக்கும் ஆட்டத்தைப் பற்றி நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று அன்பர்கள் கேட்கலாம். பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம் குடும்பங்களின் வாழ்வே ஒருவகையில் போட்டியாக அமைந்துவிட்டது. பிள்ளைகளுக்குத் தேர்வு, பெரியவர்களுக்குப் பதவி உயர்வு, வணிகர்களுக்குச் சந்தை. எதிராளியைப் பற்றி எவ்வளவு அறியலாம், எவ்வழியில் அறியலாம் என்ற வினா நம் வீட்டு வாயிலிலும் நிற்கிறது. விளையாட்டில் அது தெளிவாகத் தெரிகிறது. ஆதலின் அங்கே தொடங்குவது எளிது.

சைகை ஏன் பிறந்தது?

அமெரிக்கர் 'கால்பந்து' என வழங்கும் ஆட்டம் நாம் அறிந்த கால்பந்து அன்று. முட்டை வடிவான பந்தைப் பெரும்பாலும் கையால் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுவது அது. ஆட்டம் இடையறாது ஓடுவதில்லை. சில வினாடிகள் மோதல், பின்னர் ஓர் இடைவெளி, மீண்டும் மோதல். ஒவ்வோர் இடைவெளியிலும் அடுத்த மோதலுக்குரிய திட்டத்தைப் பயிற்சியாளர் தம் வீரர்களுக்குத் தெரிவித்தாக வேண்டும். பல்லாயிரவர் ஆரவாரிக்கும் அரங்கில் வாய்ச்சொல் செல்லாது. ஆதலின் களத்தின் ஓரத்தில் நின்று கையசைவாலும், படங்கள் வரைந்த பெரும் பலகைகளாலும் செய்தியைக் காட்டுகின்றனர். காட்டுவோர் இருவர் மூவராக நிற்பர். அவருள் ஒருவர் காட்டுவதே மெய், ஏனையோர் காட்டுவன பொய். எவர் மெய்யானவர் என்பது தம் அணிக்கு மட்டுமே தெரியும்.

இவ்வாட்டத்தில் வீரர்கள் வட்டமாகக் குழுமித் தலைகுனிந்து திட்டம் பேசுவதை நாம் படங்களில் பார்த்திருக்கிறோம். அவ்வழக்கத்தின் தோற்றம் பற்றிக் கூறப்படும் செய்தி நம் வினாவுக்கு மிகவும் பொருந்துவது. வாஷிங்டன் நகரில் செவிப்புலன் அற்றோர் பயிலும் காலடெட் பல்கலைக்கழகம் உள்ளது. 1890களில் அதன் அணியை நடத்திய பால் ஹப்பர்டு என்ற வீரர், எதிரணியினர் தம் அணியின் சைகை மொழியைப் படித்துவிடுவர் என்று ஐயுற்றார். சைகையே தாய்மொழி போன்றவர்க்கு அதனை மறைப்பது அரிதன்றோ? ஆகவே தம் வீரரை வட்டமாக நிறுத்தி, வட்டத்தின் நடுவே கைகளை மறைத்துச் சைகை காட்டினார் என்பர்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தம் சைகையை எதிரி படிக்கிறான் என்று அவர் நடுவரிடம் முறையிடவில்லை. படிக்கும் உரிமை எதிரிக்கு உண்டு, மறைக்கும் பொறுப்பு தமக்கு உண்டு என்று கொண்டார். மறைப்போன் திறமைக்கும் படிப்போன் திறமைக்கும் இடையே நிகழும் போட்டியும் ஆட்டத்தின் ஒரு பகுதியே என்ற உடன்பாடு அச்செயலில் அடங்கியுள்ளது.

திருட்டு என்னும் சொல்

அமெரிக்கர் இச்செயலைச் 'சைகைத் திருட்டு' என்றே வழங்குகின்றனர். அச்சொல் நம்மை வழிதவறச் செய்கிறது. பிறர் பொருளை அவர் அறியாமல் கவர்வது திருட்டு. பல்லாயிரம் பேர் பார்க்கும் வெளியில், எதிரியின் கண் முன்னே, தாமே உயர்த்திக் காட்டிய ஒன்றைப் பார்த்தவனைத் திருடன் என்பது எங்ஙனம் பொருந்தும்?

"சைகை வெளிப்படையானதுதான், அதன் பொருள் வெளிப்படையானது அன்றே" எனச் சிலர் வாதிடுவர். உண்மையே. ஆனால் அந்தப் பொருளைப் படிப்பவன் எடுத்துச் செல்லவில்லை; தன் நினைவாற்றலாலும் ஒப்புநோக்கும் திறத்தாலும் உருவாக்கிக்கொள்கிறான். சென்ற முறை இக்கையசைவுக்குப் பின் பந்து வலப்புறம் சென்றது, அதற்கு முன்னும் அவ்வாறே சென்றது, ஆகவே இம்முறையும் செல்லக்கூடும் என்று அவன் எண்ணுவது அவனுடைய உழைப்பின் பயன்.

நாம் அறிந்த கால்பந்திலும் இதற்குச் சான்றுண்டு. 2006 உலகக் கோப்பையின் காலிறுதி ஆட்டம் ஜூன் 30 அன்று பெர்லினில் நடைபெற்றது. ஜெர்மனியும் அர்ஜென்டினாவும் சமநிலையில் நிற்க, முடிவு பெனால்டி உதைகளைச் சார்ந்தது. ஜெர்மானிய இலக்குக் காவலர் லேமன் தம் காலுறையிலிருந்து ஒரு தாள் துண்டை எடுத்துப் பார்த்தார். எதிரணி வீரருள் எவர் எப்பக்கம் உதைப்பது வழக்கம் என்ற குறிப்பு அதில் இருந்தது. இறுதியாக வந்த காம்பியாசோவின் பெயர் அத்தாளில் இல்லை. ஆயினும் லேமன் தாளைப் பார்ப்பதை அவர் பார்த்தார். அவர் உதைத்த பந்தும் தடுக்கப்பட்டது, ஜெர்மனி வென்றது. லேமனை ஏமாற்றுக்காரர் என்று எவரும் இகழவில்லை. பிறர் களத்தில் வெளிப்படையாக ஆடியதைக் கவனித்து வைத்ததே அவருடைய அணி செய்தது.

குறிப்பறிதலும் ஒற்றாடலும்

நம் முன்னோர் இவ்வேறுபாட்டை அறியாதவர் அல்லர். திருவள்ளுவர் 'குறிப்பறிதல்' என்ற ஒரே தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் வகுத்துள்ளார். பொருட்பாலில் வரும் 71ஆம் அதிகாரம் அரசனின் உள்ளக் குறிப்பை அமைச்சன் உணர்வது பற்றியது. காமத்துப்பாலில் வரும் 110ஆம் அதிகாரம் காதலர் ஒருவர் உள்ளத்தை ஒருவர் உணர்வது பற்றியது. இரண்டிடத்தும் குறிப்பறிதல் ஒரு திறமையாகவே போற்றப்படுகிறது. 'ஒற்றாடல்' என்பது 59ஆம் அதிகாரம், அது வேறு. 'கள்ளாமை' என்பது 29ஆம் அதிகாரம். அது இன்னும் வேறு.

நம் எதிரே நிற்பவர் தாமே வெளிப்படுத்துவதை உணர்வது குறிப்பறிதல். நாம் செல்லலாகாத இடத்திற்கு மறைந்து சென்று, அல்லது ஒருவரை அனுப்பி, அவர் வெளிப்படுத்தாததை அறிவது ஒற்றாடல். முன்னதற்குக் கண்ணும் மனமும் போதும். பின்னதற்கு வேடம் வேண்டும்.

ஒற்றாடலை வள்ளுவர் அரசனுக்கு விலக்கவில்லையே, விளையாட்டு வீரனுக்கு மட்டும் ஏன் விலக்க வேண்டும் என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. அரசன் மக்களைக் காக்கும் கடமை உடையவன். பகையரசன் படையெடுக்கும்போது இவனிடம் உடன்பாடு கேட்டுக்கொண்டு வருவதில்லை. உடன்பாடு முறிந்த இடத்தில் போர் தொடங்குகிறது. விளையாட்டோ உடன்பாட்டினால் மட்டுமே நிகழ்வது. இத்தனை பேர், இத்தனை நேரம், இவ்வெல்லைக்குள், இம்முறையில் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பின்னரே பந்து உருள்கிறது. அந்த ஒப்பந்தத்தை மறைவில் மீறுபவன் எதிரியை வெல்லவில்லை. தாம் ஆடுவதாக எதிரி நம்பிய ஆட்டத்தை விட்டு வேறோர் ஆட்டத்தைத் தனியே ஆடுகிறான். போரின் நியாயத்தைக் களத்திற்குக் கொண்டுவருவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

இரண்டு வழக்குகள்

2007 செப்டம்பர் 9 அன்று நியூ இங்கிலாந்து அணி நியூயார்க் ஜெட்ஸ் அணியோடு ஆடியபோது, எதிரணிப் பயிற்சியாளர்களின் சைகைகளைக் களத்தின் ஓரத்திலிருந்து ஒளிப்பதிவுக் கருவியால் பதிவு செய்தது கண்டுபிடிக்கப்பட்டது. அவ்வாறு பதிவு செய்யலாகாது என்று அதற்கு முந்திய ஆண்டே அணிகளுக்குச் சுற்றறிக்கை சென்றிருந்தது. பயிற்சியாளர் பெலிச்சிக்குக்கு 5,00,000 டாலரும், அணிக்கு 2,50,000 டாலரும் அபராதம் விதிக்கப்பட்டன; மறு ஆண்டு இளம் வீரரைத் தேர்ந்தெடுக்கும் முதற்சுற்று உரிமையும் பறிக்கப்பட்டது. விதிக்குத் தாம் கொண்ட பொருள் தவறாயிற்று என்பது பயிற்சியாளரின் விளக்கம். கோப்புகளோடு வாழும் என் போன்றோர்க்கு இவ்விளக்கம் புதிதன்று. விதியின் சொல்லில் இடுக்கு தேடுவோர் அதன் நோக்கத்தைத் தெரிந்தே கடந்து செல்வதுண்டு.

கண்ணால் பார்ப்பது தகும், கருவியால் பதிவது தகாது என்பது முரண் அன்றோ எனச் சிலர் கேட்பர். முரண் அன்று. மனிதக் கண்ணுக்கும் நினைவுக்கும் எல்லை உண்டு. சைகையை மறைப்பவனும் மனிதனே. அந்த எல்லையை மனத்தில் கொண்டே அவன் மறைக்கிறான். பதிவு செய்த படத்தையும் ஆட்டத்தையும் அருகருகே வைத்து ஆறஅமர ஒப்பிடும்போது அந்தச் சமநிலை குலைகிறது. கருவி தன்னளவில் தீயதன்று. அதனைப் பயன்படுத்துவதில்லை என்ற உடன்பாட்டை ஒருவர் மட்டும் மீறியதே தீது.

இரண்டாம் வழக்கு இன்னும் நுட்பமானது. 2023 அக்டோபரில் மிச்சிகன் பல்கலைக்கழக அணியின் மீது விசாரணை தொடங்கியது. கல்லூரிக் கால்பந்தில் சைகையைப் படிப்பதற்குத் தடை இல்லை. ஆனால் அந்தப் பருவத்தில் தாம் பின்னர் எதிர்கொள்ள இருக்கும் அணியின் ஆட்டத்திற்கு நேரில் ஆள் அனுப்பி உளவறிவதற்கு 1994 முதல் தடை இருந்தது. அவ்வணியின் கீழ்நிலைப் பணியாளர் ஒருவர் எதிரணிகளின் ஆட்டங்களுக்கு நுழைவுச்சீட்டு வாங்கி, தமக்கு வேண்டியவர்களை அனுப்பிச் சைகைகளைக் கைபேசியில் பதிவு செய்வித்தார் என்பது குற்றச்சாட்டு. தலைமைப் பயிற்சியாளர் ஹார்பா தாம் ஏதும் அறியேன் என்றார். எனினும் நவம்பரில் மூன்று ஆட்டங்களுக்கு விலக்கி வைக்கப்பட்டார். 2024 ஜனவரியில் அவ்வணி நாட்டின் முதன்மைப் பட்டத்தை வென்றது. 2025 ஆகஸ்டில் இறுதித் தீர்ப்பு வந்தது. பெருந்தொகை அபராதமும் தனிமனிதர் மீது நீண்டகாலக் கட்டுப்பாடுகளும் விதிக்கப்பட்டன. வென்ற பட்டம் பறிக்கப்படவில்லை.

இந்த 1994 ஆம் ஆண்டு விதி ஏன் வந்தது தெரியுமா? செலவைக் குறைப்பதற்காக வந்தது. செல்வம் மிக்க பல்கலைக்கழகங்கள் நாடெங்கும் ஆள் அனுப்பும். எளியவை அனுப்ப இயலா. அந்த ஏற்றத்தாழ்வு வேண்டாம் என்று கருதினர். அப்படியாயின் இதனை மீறுவது கணக்குப் பிழை போன்றதுதானே, அறப்பிழை ஆகுமா என்று கேட்கலாம்.

ஆகும் என்றே நான் கருதுகிறேன். சாலையில் இடப்புறம் செல்வது அறமுமன்று, வலப்புறம் செல்வது மறமுமன்று. ஆனால் எல்லோரும் இடப்புறம் செல்வதாக ஒப்புக்கொண்ட பின், ஒருவன் மட்டும் தன் விரைவு கருதி வலப்புறம் செல்வானாயின் அது அறப்பிழையே. பிறர் காத்துவந்த கட்டுப்பாட்டையே அவன் தன் முதலாகப் போட்டு ஆதாயம் தேடுகிறான். எல்லா அணிகளும் ஆள் அனுப்பியிருந்தால் அவர்க்குக் கிடைத்த நன்மை ஒன்றுமில்லை. பிறர் அனுப்பாமல் இருந்தமையால்தான் அது நன்மையாயிற்று. விதி பிறந்த காரணம் பணமாக இருக்கலாம். அதனை நம்பிப் பிறர் ஒதுங்கி நின்றபின் அது நாணயத்தின் பாற்பட்டதாகிவிடுகிறது.

விதி இல்லாத இடத்தில்

விதி இருந்தால் அளவுகோல் உண்டு. விதியே இல்லாத இடத்தில் என்ன செய்வது? இங்கிலாந்தில் 2019 ஜனவரியில் நிகழ்ந்தது இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. லீட்ஸ் கால்பந்து அணியின் பயிற்சியாளர் பியெல்சா அனுப்பிய ஒருவர், டெர்பி அணியின் பயிற்சிக் களத்திற்கு வெளியே நின்று வேவு பார்த்தபோது பிடிபட்டார். பியெல்சா மறுக்கவில்லை. தாமே அனுப்பியதாகவும், அப்பருவத்தில் எதிர்கொண்ட எல்லா அணிகளின் பயிற்சியையும் அவ்வாறு பார்க்கச் செய்ததாகவும் செய்தியாளரிடம் வெளிப்படையாகக் கூறினார். பயிற்சியைப் பார்க்கலாகாது என்று அப்போது தனி விதி இல்லை. ஆயினும் அணிகள் ஒன்றோடொன்று நன்னம்பிக்கையுடன் ஒழுக வேண்டும் என்ற பொது விதியின் கீழ் 2,00,000 பவுன் அபராதம் விதிக்கப்பட்டது. ஆட்டத்திற்கு முந்திய 72 மணி நேரத்தில் எதிரணியின் பயிற்சியைப் பார்க்கலாகாது என்ற விதி அதன் பின்னரே வந்தது.

அதே பியெல்சா அவ்வாண்டு ஏப்ரலில் வேறொன்று செய்தார். ஆஸ்டன் வில்லா அணியோடு ஆடும்போது, எதிரணி வீரர் ஒருவர் காயமுற்றுக் கிடக்கையில் லீட்ஸ் அணி கோல் போட்டுவிட்டது. அது முறையன்று எனக் கருதிய அவர், எதிரணி தடையின்றி ஒரு கோல் போட்டுக்கொள்ளும்படி தம் வீரரை ஒதுங்கி நிற்கச் செய்தார். அச்செயலுக்காக அவருக்கும் அணிக்கும் உலகக் கால்பந்துக் கழகத்தின் நல்லொழுக்க விருது கிடைத்தது. வேலிக்கு வெளியே ஆளை நிறுத்தியவரும் இவர். எதிரிக்குக் கோலைத் திருப்பித் தந்தவரும் இவர். ஒரு செயலை வைத்து ஒரு மனிதரை முழுதும் எடைபோடலாகாது. ஆயினும் செயலைச் செயலாக எடைபோடத்தான் வேண்டும்.

விதி இல்லாவிடத்து இரண்டு கேள்விகளை நம்மை நாமே கேட்டுக்கொள்ளலாம். முதலாவது: நான் செய்யப்போவது இன்னவகைச் செயல் என்று எதிராளியிடம் முன்கூட்டியே சொல்ல முடியுமா? 'களத்தில் நீங்கள் காட்டும் சைகைகளைக் கவனிப்போம்' என்று எந்த அணியும் நாணமின்றிச் சொல்லலாம். எதிரணி சிரித்துக்கொண்டே சைகைகளை மாற்றிக்கொள்ளும். 'உங்கள் வேலிக்கு வெளியே செடிமறைவில் ஆள் நிறுத்துவோம்' என்று எவரும் சொல்ல மாட்டார். பிடிபட்ட பின் ஒப்புக்கொள்வது பாராட்டத்தக்கதே; ஆனால் அது முன்கூட்டிச் சொல்வதற்கு ஈடாகாது. இரண்டாவது: எதிராளி எனக்கு இதனையே செய்தால் நான் பொறுப்பேனா, முறையிடுவேனா? இவ்விரு கேள்விகளுக்கும் தெளிவாக விடை கூற முடிந்தவன் பெரும்பாலும் தவறு செய்யமாட்டான்.

நம் மேசையிலும் வீட்டிலும்

அரசு அலுவலகங்களில் ஒப்பந்தப்புள்ளிகளை முத்திரையிட்ட உறைகளில் பெற்று, குறித்த நேரத்தில், வந்திருப்போர் முன்னிலையில் திறக்கும் வழக்கத்தை நம்மில் பலர் அறிவோம். ஒரு வணிகர் சென்ற ஆண்டுகளின் விலைகளைக் கணக்கிட்டு, இரும்பின் விலையேற்றத்தைப் பார்த்து, போட்டியாளர் இன்ன விலை கூறுவார் என்று ஊகித்துத் தம் விலையை அமைக்கிறார். இது குறிப்பறிதல். இன்னொருவர் முந்திய நாள் மாலை யாரையோ பிடித்து உறைக்குள் இருக்கும் தொகையை அறிந்துகொள்கிறார். இருவரும் அறிந்தது ஒரே தொகையாகவே இருக்கலாம். ஆயினும் முன்னவர் போட்டியில் கலந்துகொண்டார். பின்னவர் போட்டியை இல்லாததாக்கிவிட்டார். கடந்த பத்தாண்டு வினாத்தாள்களை ஆராய்ந்து எந்த வினா வரும் என்று கணிக்கும் மாணவனுக்கும், வெளியான வினாத்தாளை விலைக்கு வாங்கும் மாணவனுக்கும் உள்ள வேறுபாடும் இதுவே.

வீட்டில் சீட்டாடும்போது எதிரே இருப்பவரின் முகமாற்றத்தைக் கண்டு அவர் கையில் இருப்பதை ஊகிப்பது ஆட்டத்தின் சுவை. அவருக்குப் பின்னால் உள்ள நிலைக்கண்ணாடியில் அவர் சீட்டுகள் தெரிந்தால்? தெரிவதற்கு நாம் ஒன்றும் செய்யவில்லைதான். ஆனால் முகத்தைக் காப்பது தம் பொறுப்பு என்று அவர் அறிவார். கண்ணாடியை அவர் அறியார். தெரியாமல் கண்ணில் பட்டது குற்றமன்று. பட்டபின் சொல்லாமல் தொடர்ந்து பார்ப்பது குற்றம். 'மாமா, சீட்டு தெரிகிறது' என்று சொல்லும் பிள்ளை ஓர் ஆட்டத்தை இழக்கலாம், வேறொன்றும் இழப்பதில்லை.

எல்லோரும் செய்கிறார்களே!

இறுதியாக வருவது மிகப் பழைய வாதம்: எல்லோரும் செய்கிறார்கள். எல்லோரும் செய்வது உண்மையானால் அதனை விதியில் எழுதி அனைவருக்கும் பொதுவாக்கலாம். அமெரிக்கர் ஒருவகையில் அதனைச் செய்துள்ளனர். தொழில்முறை ஆட்டத்தில் 1994 முதல் தாக்கும் அணியின் தலைவனுக்கும், 2008 முதல் தடுக்கும் அணியின் ஒரு வீரனுக்கும் தலைக்கவசத்தில் ஒலிக்கருவி பொருத்தப்படுகிறது. மிச்சிகன் வழக்குக்குப் பின் 2024 முதல் கல்லூரி ஆட்டத்தின் மேல்தட்டிலும் அது இசைவு பெற்றது. பூசலுக்கு இடமான சைகையின் தேவையே குறைந்தது. வெளிப்படையாக விதியை மாற்றுவது நேர்மை. மறைவில் மீறிவிட்டுப் பிறரைச் சுட்டுவது நேர்மையன்று.

மேலும், மீறுபவன் தன்னை மட்டும் பணயம் வைப்பதில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நியூசிலாந்து மகளிர் அணியின் பயிற்சியைக் கனடா அணியின் பணியாளர் டிரோன் பறக்கவிட்டுப் பார்த்தது வெளிப்பட்டது. பயிற்சியாளர் ஓராண்டு விலக்கப்பட்டார். அணியின் கணக்கிலிருந்து 6 புள்ளிகள் கழிக்கப்பட்டன. வீராங்கனைகள் மனம் தளராது முதற்சுற்றின் மூன்று ஆட்டங்களையும் வென்று காலிறுதிக்குச் சென்றனர். ஆயினும் அவர்கள் உழைப்பால் பெற்ற வெற்றிகளோடு வேறொருவர் செய்த செயலும் சேர்த்தே பேசப்படலாயிற்று. மிச்சிகன் மாணவர் வென்ற பட்டமும் அவ்வாறே. அவர்கள் களத்தில் ஓடியதும் வீழ்ந்ததும் எழுந்ததும் மெய். எனினும், 'அந்த உதவி இல்லாமலும் வென்றிருப்பார்களா?' என்ற கேள்விக்கு இனி எவராலும் விடை சொல்ல இயலாது. ஏமாற்றினால் விளையும் பெருங்கேடு இதுதான். தகுதியால் வென்றிருக்கக்கூடியவனுக்கும் தன் தகுதியை அறியும் வாய்ப்பு இல்லாமற்போகிறது.

ஆகவே, நம் பிள்ளைகளுக்குக் கூர்ந்து பார்க்கக் கற்றுக்கொடுப்போம். எதிரியின் கண்ணை, காலை, கையைப் படிக்கட்டும். அதனைக் களவென்று எண்ணி அஞ்ச வேண்டா. தம் குறிப்பை மறைக்கவும் கற்கட்டும். பிறர் படித்துவிட்டால் அழவேண்டா, மாற்றிக்கொள்ளட்டும். ஆனால் எதிரி அறியாத வாயில் ஒன்று திறந்திருப்பது தெரிந்தால், அதன் வழியே நுழையாமல் அவனை அழைத்துக் காட்டும் துணிவையும் அவர்களுக்குத் தருவோம். பெரியவர்களாகிய நாம் மேசையிலும் சந்தையிலும் அதனையே செய்து காட்டினாலன்றி, அவர்களிடம் இதனைச் சொல்லும் தகுதி நமக்கு வராது.